சுவருக்கு அந்தப் பக்கம் டப்பா

போன வாரம் லிஃப்ட்காரரைப் பையும் கையுமாக வாசற்படியில் நிறுத்திவிட்டுப் போனேன். ஒரு வாரமாக மனிதர் அங்கேயே நிற்கிறாரே, உள்ளே விட்டால் உனக்கென்ன குறைந்துபோகும் என்று என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. விட்டாயிற்று. குளித்தார், சாப்பிட்டார், கூடத்து நாற்காலியிலேயே தூங்கவும் தூங்கினார். "வாங்க" என்ற ஒரு வார்த்தைதான் மனைவி வாயிலிருந்து இன்னும் வரவில்லை.

இன்றைக்குத்தான் நம்மோடு வந்து சேர்ந்துகொள்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தொற்று வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் நிற்காமல் பார்த்துக்கொள்ள அவரை அங்கேயே தங்கச் சொன்னார்கள். மொட்டைமாடியில் மோட்டார் இருக்கும் அறையில் பாயை விரித்துக்கொண்டார். மனைவி படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். அதிலும் சின்னப் பையன் குரல். முப்பதைத் தாண்டிய பெண்ணின் தொண்டைக்குள் ஐந்து வயது வாலு ஒன்று குடியிருப்பதால், அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் குரல்காரிதான். ஸ்டூடியோ மூடிய பிறகு வீட்டுச் சாமான் அறையில் நாலு பக்கமும் மெத்தையும் ரஜாயும் தொங்கவிட்டு, மைக்கை நட்டு, வாசலில் ஒரு சிவப்பு பல்பை மாட்டினாள். பல்பு எரிந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள், கதவைத் தட்டக் கூடாது.

இவர்களுடைய ஒரே மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். உருவம் அப்படி, காரமும் அப்படி. அவள் நடக்கப் பழகிய நாட்களில் வெளியே நடக்க இடமில்லாமல் போயிற்று. பேசப் பழகிய நாட்களில் பேச ஆளில்லாமல் போயிற்று.

சாமான் அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். அதில் பழைய ஏசியின் குழாய் போன ஓட்டை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் மூடியவள் அதை மட்டும் மறந்துவிட்டாள். ஒருநாள் அவள் சின்னப் பையன் குரலில் வசனம் பேசிக்கொண்டிருந்தபோது ஓட்டை வழியாக ஒரு கேள்வி வந்தது.

"யாரு அங்க?"

தொழில் புத்தி. அதே குரலில் பதில் சொல்லிவிட்டாள்.

"நான்தான் டப்பா. பக்கத்து வீடு."

அன்று தொடங்கியது. படுக்கையறைச் சுவரில் மிளகு மூன்று தட்டுத் தட்டுவாள், டப்பா பேசுவான். டப்பாவைப் போல ஒரு நண்பன் உலகத்தில் யாருக்கும் வாய்க்க மாட்டான். அடிக்க மாட்டான், பிடுங்க மாட்டான், "நீ சேர்த்தி இல்ல போ" என்று சொல்ல மாட்டான். மிளகு எதைச் சொன்னாலும் அவனுக்கு ஒரே பதில்தான்: "உன் இஷ்டம்தான் என் இஷ்டம்." குரல்காரிக்கு வேலை நெருக்கினால் டப்பாவுக்குத் தூக்கம் வந்துவிடும். அவன் தூங்கும்போது சத்தம் போடக் கூடாது என்று மிளகும் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நிசப்தத்தில் எத்தனை படம் முடிந்தது. அம்மாவுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை சௌகரியம் கசந்துபோனது. மிளகு சுவரோடு ஒட்டிக்கொண்டு ரகசியம் சொன்னாள். "டப்பா, அப்பாவ வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். ஆனா அப்பா வரலையாம். அங்கயே நல்லா இருக்காம். போன்ல சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

"சரி, சொல்ல மாட்டேன்" என்றான் டப்பா. அந்தப் பக்கம் இருட்டில் குரல்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதை இதுவரைக்கும் இதுதான். இனி இன்றைய நாள்.

*

சின்னப் பிள்ளைகள் பள்ளி திறக்கிறார்கள். சேர்த்துக்கொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் விளையாட விட்டுப் பார்ப்பார்களாம். "அம்மா அப்பா ரெண்டு பேரும் வரணும்" என்று சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்குப் பத்து மணிக்கு" என்றாள் குரல்காரி, மிளகின் தலையை வாரிக்கொண்டே. யாரிடம் சொன்னாள் என்று சீப்புக்குத்தான் தெரியும்.

"ம்" என்றார் அவர், ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடி.

"அம்மா, டப்பாவும் வருவானா?"

சீப்பு நின்றது. "வர மாட்டான்."

"ஏன்?"

"அவன் இன்னும் சின்னவன்."

"என்னைவிடப் பெரியவன்னு சொன்னானே."

"யாரும்மா அது டப்பா?" என்று கேட்டார் அப்பா.

"உனக்கு எத்தன தடவ சொல்றது? பக்கத்து வீட்டுப் பையன். போன்ல சொன்னேன்ல" என்றாள் மிளகு.

பக்கத்து வீடு பூட்டிக் கிடப்பது அவருக்குத் தெரியும். பிள்ளை தனியாகக் கிடந்து எதையோ கற்பனை செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று அடுத்த ஷூவுக்கு முடிச்சுப் போட்டார்.

கிளம்புகிற நேரத்தில் மிளகு படுக்கையறைக்கு ஓடினாள். சுவரில் மூன்று தட்டு.

"டப்பா, நான் ஸ்கூல் போயிட்டு வரேன்."

பதில் வரவில்லை. எப்படி வரும்? டப்பா கையில் சீப்போடு அவளுக்குப் பின்னால்தானே நின்றுகொண்டிருந்தான்.

"தூங்குறான் பாவம்" என்றாள் மிளகு.

*

பள்ளியில் பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. வராந்தாவில் தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள், நடுவே நல்ல இடைவெளி. மற்ற தம்பதிகள் வட்டத்தின் விளிம்பில் நின்று எட்டி எட்டிப் பேசிக்கொண்டார்கள். நம்முடைய இரண்டு பேரும் வட்டத்துக்கு நட்டநடுவில் நின்றார்கள். அந்த இடைவெளி அவர்களுக்கு வெகு சௌகரியமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள். மரக் கட்டைகள், பந்து, ஒரு குட்டிச் சறுக்குமரம். முதலில் ஆளுக்கொரு மூலையில் நின்றதுகள். அப்புறம் ஒரு குண்டுப் பையன் பந்தை உதைத்தான். இன்னொரு பெண் அதை எடுத்துக்கொண்டு ஓடியது. இரண்டும் முட்டிக்கொண்டு விழுந்து, அழுது, அழுகை முடிவதற்குள் ஒரே சறுக்குமரத்தில் ஏறிவிட்டன. பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விழுவதற்கு இடம் கொடுத்தால் போதும்.

மிளகு அறையின் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. ஏதோ தேடுகிறவள்போல் இருந்தாள்.

குண்டுப் பையன் அவளிடம் வந்து ஏதோ கேட்டான். மிளகு அவனைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள். அப்புறம் அவனை விட்டுவிட்டு நேராகச் சுவருக்குப் போனாள். மூன்று தட்டுத் தட்டினாள். சுவரில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

குரல்காரி தன் வட்டத்தை விட்டுக் கண்ணாடிக்குக் கிட்டே போனாள்.

மிளகு நகர்ந்து நகர்ந்து வேறு வேறு இடத்தில் தட்டிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஆறேழு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. இவள் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நண்பர்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருப்பார்கள். வேறெங்கே இருப்பார்கள்?

ஒரு பெண் வந்து மிளகின் தலையிலிருந்த கிளிப்பைத் தொட்டது. மிளகு கழற்றிக் கொடுத்துவிட்டாள். அது மகிழ்ந்துபோய் மற்றவர்களைக் கூப்பிட்டது. ஒருவன் அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கேட்டான், கொடுத்தாள். குண்டுப் பையன் ஷூவைக் காட்டினான். உட்கார்ந்து கழற்றினாள். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கண்ணாடி வழியாகக் குரல் கேட்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மகளின் உதடு என்ன சொல்கிறது என்று குரல்காரிக்குத் தெரிந்தது. உதட்டைப் பார்த்து வசனம் சொல்வதுதானே அவள் பிழைப்பு.

உன் இஷ்டம்தான் என் இஷ்டம்.

கொடுத்து முடித்ததும் மிளகு வெறுங்காலோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பதிலுக்கு அவர்களும் அதையே சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அவர்கள் ஷூவோடு ஓடிப்போய்விட்டார்கள்.

*

ஒரு மணி நேரம் முடிந்து மிஸ் வெளியே வந்தார். சாமான்களையெல்லாம் திரும்ப வாங்கிக் கொண்டுவந்திருந்தார். ஒரு சாக்ஸைத் தவிர.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல தப்பு பண்ணினா சுவரப் பாத்து நிக்க வைப்பீங்களா?"

"இல்ல" என்றார் அப்பா.

"ஏன்னா, ஒரு பையன் பக்கத்துல வந்தவுடனே அவளே போய்ச் சுவரப் பாத்து நின்னுக்கிட்டா. பழக்கப்பட்ட பிள்ளைங்கதான் அப்படிச் செய்யும்."

"நாங்க அடிச்சதுகூட இல்ல மிஸ்" என்றாள் குரல்காரி. குரல் சரியாக வரவில்லை. அவள் தொண்டை அவளை ஏமாற்றியதே இல்லை, இன்றைக்கு ஏமாற்றியது.

"அடிக்கிறத நான் சொல்லல. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடறா. வேணாம்னு சொல்லவே தெரியல. உங்க குழந்தை மட்டும் இல்ல, இப்ப வர்ற பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கு. ஒருத்தன் யாரு பக்கத்துல வந்தாலும் மூச்ச அடக்கிக்கிறான். எல்லாம் சரியாயிடும், பழகணும். ஆனா வீட்ல என்ன நடந்துச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சா நல்லது. யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறமா சேத்துக்கலாம்."

மிளகு இருவருக்கும் நடுவில் ஒற்றைச் சாக்ஸோடு நின்றாள்.

"அம்மா, இங்க சுவருல யாருமே இல்ல" என்றாள்.

*

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் தம் பையிலிருந்து டார்ச்சையும் நீளக் கம்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார்.

"எங்கம்மா தட்டுவ? காட்டு."

மிளகு காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், ஓட்டை தெரிந்தது. லிஃப்ட் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று இருட்டில் தடவியே கண்டுபிடிக்கிற ஆள். கம்பியை உள்ளே விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தார். மைக்குக்குப் பக்கத்தில், ரஜாயில் கத்தரித்த வட்டத்துக்கு நடுவே, கம்பியின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வட்டம் எலி கடித்ததல்ல. ஓரத்தை மடித்து அழகாகத் தைத்திருந்தது.

"நீயா?" என்றார்.

பின்னாலேயே வந்த குரல்காரி கதவைச் சாத்தினாள். "மெதுவா. குழந்தை காதுல விழும்."

அந்த வீட்டில் மனசு விட்டுச் சண்டை போட அதைவிட நல்ல இடம் கிடையாது. நாலு பக்கமும் மெத்தை. எவ்வளவு கத்தினாலும் வெளியே போகாது. கல்யாணம் ஆன எல்லோர் வீட்டிலும் இப்படி ஓர் அறை இருந்தால் தேவலை என்று எனக்கே தோன்றும்.

"எவ்வளவு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"கூத்து இல்ல. பிள்ளைக்கு ஆள் வேணும்ல. நீங்க இருந்தீங்களா?"

"ஆள் வேணும்னா ஆளக் காட்டணும். மேல் மாடிப் பையன் ஒருத்தன் இருக்கான்ல? கட்டுப்பாடு தளர்ந்தப்புறம் பந்தோட வந்து கூப்பிட்டான்னு நீதானே போன்ல சொன்ன."

"சொன்னேன். அனுப்பல. எனக்கு ஒரு இருமல் வந்தா ஒரு மாசம் சோறு கிடையாது. தொண்டைதான் சம்பாதிக்குது. பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவளே சொன்னா, எனக்கு டப்பா போதும்னு." குரல்காரி நிறுத்தினாள். "எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப நினைச்சா வாந்தி வருது."

"வரணும். சுவத்தோட பேசுது பிள்ளை. அந்த மிஸ் என்னை ஏதோ ராட்சசனப் பாக்கற மாதிரி பாத்துச்சு. நீ பண்ணின ஏமாத்து வேலைக்கு நான் தலைகுனிஞ்சு நிக்கணும்."

"ஏமாத்து வேலை." அவள் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். இத்தனை நாள் அடைத்து வைத்தது உடைந்தது. "ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போகலாம்னு சொன்னது எப்போ?"

அவர் கம்பியின் நுனியைப் பார்த்தார்.

"போகலாம்னு சொன்ன பிறகும் போகல. அங்கயே நல்லா இருக்கு. அம்மாகிட்ட சொல்லாத. யாருகிட்ட சொன்னீங்க இத? நாலு வயசுக் குழந்தைகிட்ட. அது பாவம், எங்க கொண்டுபோய் வைக்கும்? சுவத்துகிட்ட சொல்லுச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன்."

லிஃப்ட்காரர் கையிலிருந்த டார்ச்சை அணைத்தார், போட்டார், அணைத்தார்.

"உனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "மேல போற லிஃப்ட்ல போறவங்க எத்தன பேரு கீழ வர்ற லிஃப்ட்ல வரலன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வீட்டுக்கு வந்தா நீ பேசுவ, அவ பேசுவா, நான் பதில் சொல்லணும். அந்த மோட்டார் ரூம்ல யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது எனக்கு வேண்டியிருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லி?"

"வராதீங்கன்னா சொல்லப் போறேன்?"

"வாங்கன்னு மட்டும் சொல்லிட்டியா? வந்து எத்தன நாள் ஆச்சு?"

உள்ளதைச் சொல்லிவிட்டால் மனிதர்களுக்குக் கோபம்தான் வரும். குரல்காரிக்கும் வந்தது.

"அவள என்ன செஞ்சு வச்சிருக்க பாரு" என்றார் அவர் மறுபடியும். "எங்க, அந்தக் குரல்ல பேசு. நானும் கேக்கறேன். பேசு."

அவள் பேசினாள். பேசியிருக்கக் கூடாது. வேண்டுமென்றே, அவர் முகத்துக்கு நேராக, டப்பாவாகப் பேசினாள்.

"உன் இஷ்டம்தான் என் இஷ்டம்."

டக். டக். டக்.

நாலு பக்கமும் மெத்தையை நம்பிய இரண்டு பெரிய மனுஷர்களும் அந்த ஓட்டையை மறுபடியும் மறந்துபோயிருந்தார்கள்.

"டப்பா?" என்றது கம்பிக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல். "உன் வீட்ல எங்க அம்மாவும் அப்பாவும் என்ன பண்றாங்க? உன்னத் திட்டறாங்களா?"

*

குரல்காரி படுக்கையறைக்குப் போய் மகள் முன்னால் மண்டியிட்டாள். இனி மறைத்து ஆவதொன்றுமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் சுவர் விழுந்துவிடும், பிள்ளை இந்தப் பக்கம் வந்துவிடும் என்று நம்பினாள். பெரியவர்கள் உண்மையை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம், சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று.

"மிளகு, அம்மா ஒண்ணு சொல்றேன். டப்பான்னு யாரும் இல்லடா. அம்மாதான் பேசினேன்."

"பொய்."

"இல்ல, பாரு." அவள் குரலை மாற்றினாள். "நான்தான் டப்பா. பக்கத்து வீடு."

மிளகின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரல் எங்கிருந்து வந்ததென்று புரிந்தது. அம்மாவின் வாயையே பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள். பிறகு மெல்லக் கிட்டே வந்து, இரண்டு விரலால் அம்மாவின் கீழ் உதட்டை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அவன முழுங்கிட்டியா?"

"இல்லடா செல்லம். ஆரம்பத்துலேர்ந்தே..."

"துப்பு."

"மிளகு..."

"துப்பு அவன. உள்ள இருட்டா இருக்கும். அவனுக்கு இருட்டுன்னா பயம். எங்கிட்ட சொல்லியிருக்கான்."

சொன்னது உண்மைதான். ஒருநாள் அந்தச் சாமான் அறையில் தனியாக உட்கார்ந்து, டப்பாவின் குரலில், குரல்காரி தன் பயத்தைச் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லாமல் மகளிடம் சொல்லியிருந்தாள். நாலு வயசுக் குழந்தையிடம் போய்ச் சொன்னீர்களே என்று கணவனைக் கேட்ட வாய் இப்போது திறக்கவில்லை.

மிளகு அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருக்கலாம். அவள் வாசலில் நின்ற அப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நடந்துட்டு வரோம்" என்றார் அவர். இந்தத் தடவை யாரிடம் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அனுமதி கேட்கிற குரல் அது இல்லை.

*

அவர்கள் திரும்பி வரும்போது தெருவிளக்கு போட்டிருந்தார்கள். மிளகின் கையில் ஒரு சோப்பு நுரைக் குப்பி இருந்தது. அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குரல்காரி படுக்கையறையில் விளக்குப் போடாமல் கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். ஓட்டையில் ஒரு பழந்துணியை அடைத்தாயிற்று. சிவப்பு பல்பையும் கழற்றிவிட்டாள்.

மிளகு கட்டிலில் ஏறினாள். அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். குரல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். விழித்திருந்தால் பேச வேண்டும். எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

அம்மா தூங்கிவிட்டாள் என்று மிளகு தீர்மானித்தாள். நெஞ்சு மேல் குனிந்தாள். கழுத்துக்குக் கீழே எலும்பு இருக்கிற இடத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். காதை வைத்துக்கொண்டாள்.

"டப்பா. உள்ள இருக்கியா?"

உள்ளே என்னவோ தடதடவென்று அடித்துக்கொண்டது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்போல.

"பயப்படாத. அம்மா தூங்குறா. மெதுவாப் பேசறேன். அம்மாவுக்குக் கேக்கக் கூடாது, என்ன?"

அவள் மூச்சு குரல்காரியின் சட்டையில் சூடாகப் பட்டது.

"அப்பா கேட்டாரு. அப்பாவும் நானும் அத்தை வீட்டுக்குப் போயிடலாமான்னு. அங்க நெறைய பசங்க இருக்காங்களாம். சுவத்துல இல்லையாம், வெளியவே இருக்காங்களாம். அங்கயே ஸ்கூலாம். அம்மா வர மாட்டாளாம்."

கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா டப்பா? நீ சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன். உன் இஷ்டம்தான் என் இஷ்டம்னு சொன்னேன்."

குரல்காரி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். கண்ணுக்குள் நீர் கட்டி, காதுப் பக்கமாக வழிந்தது. கையை எடுத்துத் துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும்.

"நீ என்ன சொல்ற? போகட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அம்மாவாகச் சொன்னால், தூங்குவதுபோல் கிடந்து இதையும் ஒட்டுக் கேட்டவள் என்று ஆகிவிடும். டப்பாவாகத்தான் சொல்ல முடியும். அவன் சொன்னால் மிளகு கேட்பாள். ஆனால் இத்தனை காலத்தில் எத்தனையோ கதையும் பாட்டும் ரகசியமும் பேசிய அந்தப் பயலுக்கு, வேண்டாம் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

மிளகு காதை எடுக்காமல் மறுபடியும் தட்டினாள்.